பிரதர்... ஒரு பெட்பேன்!

"பையன் இன்னா பண்றாரு?"

"ஆஸ்பத்திரில இருக்காரு."

"அடடே, டாக்டரா?"

"இல்லீங்க... நர்ஸு."

இந்த இடத்தில் தரகர் அவசரமாக ஒரு வாய் காபி குடிப்பார். பெண்ணின் அப்பா அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நர்ஸுன்னா... அது பொம்பளைங்க வேலையாச்சே?" என்பார். கடந்த ரெண்டு வருஷத்தில் இந்த வசனத்தை ஐந்து வீடுகளில் கேட்டாயிற்று. ஐந்து வீட்டிலும் கேசரி மட்டும் பிரமாதம்!

எனக்குக் கோபமெல்லாம் வருவதில்லை. ஏனென்றால், 2014 ஏப்ரலில் இதே கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சிங் ஸ்கூலை விட்டு ஓடி வந்த ஆள் நான்.

எனக்கு ஊர் வல்லம். "தஞ்சாவூர் வல்லமா?" என்று உடனே கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இது விழுப்புரம் மாவட்டத்து வல்லம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், நெல்லும் மல்லாட்டையும் விளைகிற ஊர். (மல்லாட்டை என்றால் நிலக்கடலை சார்! எங்கள் பக்கம் அப்படித்தான்.) வெளியூரில் யாராவது கேட்டால் "செஞ்சிக்கோட்டைப் பக்கம்" என்று சொல்லித் தப்பிப்போம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம் பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. அதற்கப்புறம் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே சொல்கிறோம்.

பிளஸ் டூவில் நான் பயாலஜி குரூப். அம்மா எனக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டி மனசுக்குள் போட்டோவே எடுத்து வைத்திருந்தாள். கட்-ஆஃப் மார்க் வந்ததும் போட்டோ கிழிந்தது. "டாக்டர் ஆவ முடியலன்னா இன்னா? டாக்டர் பக்கத்துல நிக்கிற வேலைக்குப் போவட்டும்" என்று தீர்ப்புச் சொன்னவர் மாமா. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ. அப்போது மூன்றரை வருஷப் படிப்பு. கடைசி ஆறு மாசம் இன்டர்ன்ஷிப். (பின்னால் மூன்று வருஷமாக்கிவிட்டார்கள்.) அரசு நர்சிங் பள்ளிகளில் இந்த டிப்ளமோ பெண்களுக்குத்தான் என்பதால், பையன்களுக்குத் தனியார்தான் கதி. அம்மாவின் ரெண்டு பவுன் செயின் அடகுக் கடைக்குப் போயிற்று. நான் ஒரு பெரிய ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு ஒட்டிக்கொண்டிருந்த நர்சிங் ஸ்கூலுக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். அங்கே இன்னமும் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

வகுப்பில் நாற்பது பேர். அதில் பையன்கள் ஐந்து.

முதல் மாசம் முழுக்கப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். வீட்டில் ஒருநாள் கூடப் பாயைச் சுருட்டி வைக்காதவனுக்கு, விரிப்பின் ஓரத்தைப் பெட்டிக்கு அட்டை போடுவது போல முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகணும். ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்க்கக் கூடாது! "ஏன் மேடம், வாசல் வழியா தலையணை ஓடிடுமா?" என்று கேட்ட நண்பன், அன்றைக்குப் பதினெட்டு படுக்கை விரித்தான். சுருக்கத்துக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது என்று பின்னாடிதான் புரிந்தது. அசைய முடியாத ஆள் மாசக்கணக்கில் படுத்திருந்தால், விரிப்பிலிருக்கிற ஒரு சுருக்கம் போதும், தோல் புண்ணாகத் தொடங்கிவிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் அந்தப் புண் எலும்பு வரைக்கும் போகும். 

அப்புறம் பேர். பெண்களெல்லாம் "சிஸ்டர்". நாங்கள் "பிரதர்". வார்டுக்குள் நுழைந்த முதல் நாளிலேயே என் சொந்தப் பேர் காலாவதி ஆகிவிட்டது. "பிரதர், டிரிப்பு முடிஞ்சுது", "பிரதர், ஃபேன் ஓடல", "பிரதர், கேன்டீன்ல இட்லி இருக்கா?" ஒரு பாட்டி மட்டும் கடைசி வரைக்கும் என்னை "டாக்டரய்யா" என்றே கூப்பிட்டாள். நானும் திருத்தவில்லை. (அந்த ஒரு பாவத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

நர்சிங் வரலாறு என்று ஒரு பாடம். நர்ஸ் பயிற்சியில் நம் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. 1854-லேயே பிரசவம் பார்ப்பவர்களுக்கு இங்கே பள்ளிக்கூடம். 1871-ல் அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் பள்ளிக்கூடம் தொடங்கி அப்போது 11 வருஷம்தான் ஆகியிருந்தது. ஆண்கள் கதைதான் பரிதாபம். இங்கிலாந்தில் 1919-ல் நர்ஸுகளுக்குப் பதிவேடு என்று சட்டம் போட்டபோது ஆண்களுக்குத் தனிப் பட்டியல்! பொதுப் பட்டியலில் சேர 1949 வரை காத்திருந்தார்கள்.

ஆனால் எங்களுக்கு ஒரு பெரிய மனுஷர் சிபாரிசு இருக்கிறது. திருவள்ளுவர்! 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்துக்கு நாலு பேரைச் சொல்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அப்புறம் 'உழைச்செல்வான்'. அதாவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவன். கவனியுங்கள், செல்'வான்'! இலக்கணப்படி ஆண்பால்! இதைப் பரீட்சையில் எழுதினேன். டியூட்டர் மேடம் அடியில் கோடு போட்டு, "சந்தோஷம். டெம்பரேச்சர் சார்ட் எங்கே?" என்று எழுதியிருந்தார்.

*

இப்போது பெட்பேனுக்கு வருவோம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் ஒரு பாராவைத் தாண்டிக்கொள்ளலாம்.

14-ம் பெட்டில் ஆறுமுகம் என்று ஒரு பெரியவர். (நான் வைத்த பேர்தான், நிஜப் பேர் வேண்டாம்.) இடுப்பெலும்பு முறிவு. எங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயி. அசைய முடியாது. "பிரதர்... ஒரு பெட்பேன்" என்று அவர் கூப்பிட்ட முதல் தடவை நான் கேட்காத மாதிரி மருந்து அலமாரியைத் துடைத்தேன். ரெண்டாம் தடவை வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பார்த்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். முப்பது வருஷ சர்வீஸ். அவர் பார்த்தால் போதும், ஆக்சிஜன் சிலிண்டரே அட்டென்ஷனில் நிற்கும்.

திரை இழுத்து, பெரியவரை ஒருக்களித்துத் தூக்கி, வைத்து, எடுத்து, சுத்தம் பண்ணி... எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். வாஷ்பேசினில் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தால், பெரியவர் சுவரைப் பார்த்தபடி திரும்பிப் படுத்திருந்தார். கண்ணோரம் ஈரம். "எம்புள்ள வயசு ஒனக்கு. ஒன்னப் போயி..." என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பரவால்ல தாத்தா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓடிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் கணக்குப் போட்டேன். பிளஸ் டூவில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் இன்ஜினீயரிங் சேர்ந்து, கூலிங் கிளாஸோடு ஃபேஸ்புக்கில் போட்டோ போடுகிறான். நான் பெட்பேன் கழுவுகிறேன். மூன்றரை வருஷம்!

ஆனாலும் நான் ஓடியதற்குக் காரணம் பெட்பேன் இல்லை. அப்படிச் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும், அது பொய்.

ஆறாவது மாசம். அன்றைக்குக் காலை வார்டில் ஆள் குறைவு. முதல் வருஷப் பையன் தனியாக மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது விதி. விதியைப் பார்த்தால் வார்டு ஓடாது என்பது நடைமுறை. ஒரு தட்டில் சின்னச் சின்ன மருந்துக் கப்புகளை வைத்து என்னிடம் தந்தார்கள். "ஆறுமுகத்துக்குச் சுகர் மாத்திரை கொடுத்திரு."

கொடுத்தேன். 14-ம் பெட் ஆறுமுகத்துக்கு.

சர்க்கரை நோய் இருந்தது 9-ம் பெட் ஆறுமுகத்துக்கு! முந்தின நாள் ராத்திரி அட்மிஷன். நான் கவனிக்கவே இல்லை. என்னுடைய ஆறுமுகம் அன்றைக்கு ஆபரேஷனுக்காகப் பச்சைத் தண்ணீர் கூட இல்லாமல் பட்டினி கிடக்கிறார். வெறும் வயிற்றில், சர்க்கரை நோயே இல்லாத எழுபது வயசுக்காரர் உடம்பில் அந்த மாத்திரை போனால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வேர்க்கும், உளறும், நினைவு போகும். அதற்கு மேலும் போகலாம்.

பெரியவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்குத் தண்ணி குடிக்கக் கூடாதுன்னாங்களே பிரதர், எப்பிடி முழுங்கறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. நான் அதற்கும் யோசிக்காமல், "ஒரே ஒரு மடக்கு குடிங்க" என்றேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து மாத்திரையை எடுத்துக்கொண்டது. நாகர்கோவில் சிஸ்டர்.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நர்சிங்கில் இது பால பாடம். முதல் வாசகத்திலேயே நான் ஃபெயில். வார்டே பார்க்க சிஸ்டர் கேட்டது ஒரே கேள்வி: "பேரை வாசிச்சியா, முழு ஆளையும் வாசிச்சியா?" அவ்வளவுதான். திட்டக் கூட இல்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ.

சாயங்காலம் பெட்டியைக் கட்டினேன்.

*

திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட். செஞ்சி பஸ் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஒரு டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது பார்த்து நர்சிங் வரலாற்று வகுப்பு ஞாபகம் வந்து தொலைத்தது. இதே திண்டிவனத்தில்தான் அது நடந்தது.

வருஷம் 1890. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இருபது வயசுப் பெண் ஐடா ஸ்கடர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தாள். அப்பா இங்கே மிஷன் டாக்டர். பெண் பிறந்தது ராணிப்பேட்டையில்தான் என்றாலும், இந்த ஊரில் தங்கும் உத்தேசமே கிடையாது. அம்மா தேறியதும் கப்பல் ஏறிவிட வேண்டும், அமெரிக்காவில் செட்டிலாகிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஒரு ராத்திரி கதவு தட்டுகிறது. ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீ வா என்கிறார். "நான் டாக்டர் இல்லை, அப்பாவைக் கூட்டிப் போங்கள்" என்கிறாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று அவர் திரும்பிப் போகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம். அதே பிரச்னை, அதே பதில். அப்புறம் இன்னொருவர், மேல்சாதி இந்து. அதே கதை. விடியும்போது ஊருக்குள் பறை முழங்கியது. விசாரித்தால், மூன்று பெண்களுமே செத்துப்போயிருந்தார்கள்.

ஐடா கப்பல் ஏறினாள்தான், ஆனால் டாக்டருக்குப் படிப்பதற்காக! 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் அது 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி. 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும்தான் இந்தியாவின் முதல் பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புகள் தொடங்கின. இன்றைய வேலூர் சி.எம்.சி.யின் விதை விழுந்த இடம் இந்தத் திண்டிவனம்.

வகுப்பில் கேட்டபோது கொட்டாவி விட்டேன். பஸ் ஸ்டாண்டில் நினைத்தபோது எரிச்சலாக வந்தது. அந்தம்மா வேலை தெரியாததால் மூன்று பேரைக் காப்பாற்ற முடியவில்லை. சரி, படிக்கப் போனார். நான் வேலை பார்த்து ஒருத்தரைக் கொல்லப் பார்த்தவன். ரெண்டும் ஒன்றா? 'பெரியவங்க கதை வேற, நம்ம கதை வேற' என்று டீ கிளாஸை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் மல்லாட்டை அறுவடை. பிடுங்கிப் போட்ட செடி களத்தில் மலை மாதிரி கிடந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்து, "இன்னாடா, லீவா?" என்றார். "ஆமாப்பா." அதற்கு மேல் எனக்கும் தைரியம் இல்லை, அவருக்கும் நேரம் இல்லை. அம்மா மட்டும் பெட்டியின் கனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். லீவுக்கு வருகிறவன் போர்வையைக் கொண்டு வருவானா?

ரெண்டாம் நாள் சாயங்காலம். ஆறு மணி இருக்கும். நாலைந்து பெண்கள் களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி செடிக் குவியலுக்குள் கையை விட்டவள், "ஐயோ!" என்று உதறினாள். கண்ணாடி விரியன்! தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி மாதிரி வட்டம். சீறிக்கொண்டே வரப்போரம் போய்விட்டது.

ஊரே கூடிவிட்டது. ஒருத்தர் கயிறு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒருத்தர் பிளேடு. இன்னொருத்தர் "மந்திரிக்கிறவரு வூட்டுக்குத் தூக்குங்கடா" என்றார். அப்போது யாரோ, "நம்ம பையன் நர்ஸுக்குப் படிக்கிறான்ல, அவனக் கூப்புடுங்க" என்று கத்தினார்கள்.

படிக்கிறவனா? ஓடி வந்தவன்! ஆனால் அதை விளக்க அது நேரமில்லை. எனக்குத் தெரிந்தது முதலுதவி வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான். அதில் பாதிக்கு மேல் 'செய்யாதே' பட்டியல். கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, நடக்க விடாதே. வளையலையும் மோதிரத்தையும் கழற்று, கை வீங்கும். கையை அசையாமல் வை. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. குடையை எடுத்து முன்னங்கையோடு சேர்த்து துண்டால் தளர்வாகக் கட்டினேன். 108-க்கு போன் போட்டாயிற்று. கயிற்றுக்காரர் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். சித்திக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் கயிறு என் கழுத்துக்கு வந்திருக்கும்!

செஞ்சி அரசு ஆஸ்பத்திரி. ஊசியில் ரத்தம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ரெண்டு மில்லி விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிஷம் வைத்தார்கள். சரித்துப் பார்த்தால் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவே இல்லை. விரியன் விஷம் செய்கிற வேலை அது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷினெல்லாம் வேண்டாம். ஒரு குழாயும் கடிகாரமும் போதும். பத்து குப்பி விஷமுறிவு மருந்து டிரிப்பில் ஏறியது. நம் நாட்டில் அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலுக்கும் சேர்த்தே வருகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். பாம்பு, இருளர், குதிரை, கண்ணாடிக் குழாய்... எங்கள் சித்தியின் உயிர் எத்தனை கை மாறி வந்திருக்கிறது பாருங்கள்!

சிறுநீர் குறைகிறது, கிட்னியைக் கவனிக்கணும் என்று ராத்திரியே முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் வந்து பார்த்து, எழுதிவிட்டு, அடுத்த ஆளிடம் ஓடினார். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தவர் ஒரு நர்ஸம்மா. என்னைவிட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும். வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணுவார். ஈறில் ரத்தம் வருகிறதா என்று டார்ச் அடிப்பார். சிறுநீரை அளந்து எழுதுவார். உடம்பில் தடிப்பு வந்தால் போட அட்ரினலின் ஊசி தயாராக டிரேயில் இருந்தது. நான் பார்க்கிற விதத்தைப் பார்த்தே, "ஸ்டூடண்டா?" என்றார். தலையை ஆட்டித் தொலைத்தேன்.

ரெண்டரை மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்து, குழாயை ஜன்னல் திட்டில் வைத்தார். "தம்பி, இருபது நிமிஷம். தொடாத, ஆட்டாத. யாரும் கை வைக்காமப் பாத்துக்க."

என் வாழ்க்கையில் மிக நீளமான இருபது நிமிஷம் அதுதான். சரித்தார். ஓடியது. உறையவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் அவர் டாக்டரைக் கூப்பிட்டார், அடுத்த டோஸ் ஏறியது. ஆறு மணி நேரம் கழித்துக் காலையில், டியூட்டி முடிந்து மாற்று ஆள் வந்த பிறகும் போகாமல் நின்று, இன்னொரு குழாய். இருபது நிமிஷம். சரித்தார். உள்ளே ரத்தம் ஜெல்லி மாதிரி கட்டியாக நின்றது.

அவர் சிரித்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் பேர் கூட எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. அவரும் என் மாதிரி பேர் காலாவதியான ஆள்தானே, வெறும் 'சிஸ்டர்'.

*

'அந்தக் காலைப் பொழுதில் என் மனசு மாறியது' என்று எழுதினால் சினிமாவில் பின்னணி இசை போடுவார்கள். நிஜம் வேறு. என் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் நர்சிங் ஸ்கூல் பீரோவில் இருந்தன! ஃபீஸ் கட்டியதும் திரும்ப வராது. 2011, 12-ல் கேரளாவில் நர்ஸுகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஸ்டிரைக் பண்ணியதே குறைந்த சம்பளத்தையும், இந்த மாதிரி பாண்டு, சர்ட்டிபிகேட் பிடிப்பையும் எதிர்த்துத்தான். ஆக, என்னைத் திரும்பி அழைத்ததில் பாதி அந்தக் கண்ணாடிக் குழாய். பாதி அந்த இரும்பு பீரோ. எது எவ்வளவு என்று இன்று வரை எனக்கே கணக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் வார்டு வாசலில் போய் நின்றேன். நாகர்கோவில் சிஸ்டர் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வந்துட்டியா மக்களே? ஃபோர்ட்டீன் கேக்காரு, போய்ப் பாரு."

14-ம் பெட் ஆறுமுகத்துக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. "எங்க தம்பி போயிட்ட? அந்தப் புதுப் பையன் சில்லுனு இருக்கற பெட்பேன வெக்கிறாம்ப்பா!" என்றார். வெந்நீரில் கழுவிச் சூடாக்கித் துடைத்து எடுத்துப் போனேன். போகும் முன்னால் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் அவர் பேர், அப்பா பேர், வயசு, ஆஸ்பத்திரி நம்பர் எல்லாவற்றையும் வாசித்தேன். பெட்பேனுக்கு அதெல்லாம் தேவையில்லைதான். அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை. கல்யாண மண்டபத்தில் மொய் எழுதினால் கூட இனிஷியலை ரெண்டு தடவை கேட்பேன்.

மிச்ச மூன்று வருஷம் ஓடிப்போனது. 2017-ல் முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சம்பளம் ரூ.9,000. கூலிங் கிளாஸ் நண்பன் அந்த வருஷம் பைக் வாங்கியிருந்தான். இருப்பதா, போவதா என்ற கேள்வி மறுபடி வந்தது. இந்தத் தடவை பயத்தால் இல்லை, பசியால்.

ஆபீஸில் இன்கிரிமென்ட்டுக்காக ஏங்குகிற சகோதரர்களே, இதையும் கேளுங்கள். 2015-ல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து 7,243 நர்ஸுகளை எடுத்தது. ஒப்பந்தம், மாசம் ரூ.7,700. ரெண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். எங்கள் சீனியர் அக்கா ஒருத்தர் கைக்குழந்தையோடு போய் உட்கார்ந்திருந்தார். 2018-ல் சம்பளம் ரூ.14,000 ஆயிற்று. தனியார் ஆஸ்பத்திரி கதைக்கு, சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரியில் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி, அரசு நர்ஸுக்குச் சமமாகத் தரணும். 50 படுக்கைக்குக் கீழே உள்ள குட்டி ஆஸ்பத்திரி கூட ரூ.20,000-க்குக் குறைக்கக் கூடாது என்று அது பரிந்துரை செய்தது. கேரளா 2018-ல் ரூ.20,000-ஐக் குறைந்தபட்ச சம்பளமாக அறிவித்தது. பரிந்துரை வேறு, பாக்கெட் வேறு என்பது ஆபீஸ்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொரோனா வந்தபோது மாடியில் நின்று எங்களுக்காகக் கை தட்டினார்கள். அப்போது தமிழ்நாட்டில் ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடித்துக்கொள்ளப்பட்டது. மாவட்ட அளவில் மாற்று வேலை தருவதாகப் பின்னால் சொன்னார்கள். கை தட்டல் சத்தம் ஓய்ந்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று யாரும் எண்ணவில்லை.

என் வகுப்பு ஐந்து பையன்களில் ஒருத்தன் சவுதி. ஒருத்தன் மெடிக்கல் ரெப் ஆகி, டை கட்டிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருக்கிறான். தலையணை ஓடிடுமா என்று கேட்டவன் செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான், நன்றாகச் சம்பாதிக்கிறான். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கூட ஒரு தடவை எய்ம்ஸ் பரீட்சை எழுதினேன். அங்கே நர்சிங் ஆபீசர் வேலையில் 80 பங்கு பெண்களுக்கு, 20 பங்கு ஆண்களுக்கு என்று 2019-ல் கணக்கு வகுத்திருந்தார்கள். அந்த 20-க்குள் நுழைவதற்கு ராஜகிரிக் கோட்டையை ஒற்றைக் காலில் ஏறிவிடலாம்!

இப்போது ஒரு ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். ஒன்பதாயிரம், பழங்கதையாகிவிட்டது, பெரிய பணம் என்றும் சொல்ல மாட்டேன். அம்மாவின் ரெண்டு பவுன் செயினை மீட்டாயிற்று. சித்தி இன்றைக்கும் மல்லாட்டை ஆய்கிறாள். கையை விடுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் தட்டிப் பார்க்கிறாள்.

போன மாசம் ஆறாவது வீடு. வழக்கம் போல அதே வசனம், அதே ஃபேன். நான் கேசரியை முடித்துவிட்டுக் கிளம்பத் தயாரானேன். அப்போது பெண்ணின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். கொஞ்சம் தயங்கி, "தம்பி, ரெண்டு நாளா தல சுத்தலா இருக்குது. வந்ததுதான் வந்தீங்க, பிரஷரு பாக்கத் தெரியுமா?" என்றார்.

பக்கத்து வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தது. பார்த்தேன். 170-க்கு 100. உட்கார வைத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். அதேதான். அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். உப்பு, ஊறுகாய் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேசினேன். பெண்ணின் அப்பா ஃபேனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ... வர்ற புதன்கெழம வந்து இன்னொரு தபா பாத்துடுங்களேன் தம்பி" என்றார்.

எதைப் பார்க்கச் சொன்னார் என்று தரகருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று புது பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.